கருக்குழாயைக் காப்பாற்றும் ஊசி: அதற்குப் பின்னால் இருக்கும் சென்னை மருத்துவ மாணவர் யார்?

கர்ப்பம் உறுதியான சந்தோஷம் அடங்குவதற்குள், ஸ்கேனில் கரு கர்ப்பப்பையில் இல்லை, குழாயில் இருக்கிறது என்று தெரிந்தால்? ஒரு காலத்தில் இதற்கு ஆபரேஷன் மட்டும்தான் வழி. இன்று, ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டால், பல பெண்களுக்கு ஊசி மருந்தே போதும். அந்த மருந்தின் பெயர் மெத்தோட்ரெக்ஸேட். அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர், சென்னையில் படித்த எல்லப்ரகட சுப்பாராவ்.

எக்டோபிக் கர்ப்பம் என்றால் என்ன?

கருவுற்ற முட்டை கர்ப்பப்பைக்குள் போய் ஒட்ட வேண்டும். அப்படி இல்லாமல் வெளியே எங்காவது ஒட்டி வளர்ந்தால் அது எக்டோபிக் கர்ப்பம். 100 கர்ப்பங்களில் ஒன்றிரண்டு இப்படி ஆகின்றன. இவற்றில் 90 சதவீதத்துக்கும் மேல் கருக்குழாயில்தான். குழாய் கர்ப்பப்பை மாதிரி விரிந்து கொடுக்காது. கரு வளர வளர அது வெடித்து, வயிற்றுக்குள் ரத்தம் கொட்டி, தாயின் உயிருக்கே ஆபத்தாகிவிடும். அந்தக் கருவை எடுத்துக் கர்ப்பப்பையில் வைக்கவும் முடியாது.

1883-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் லாசன் டெய்ட் என்ற அறுவை மருத்துவர், வெடித்த குழாயை அகற்றி ஒரு பெண்ணைக் காப்பாற்றினார். அதன்பிறகு சுமார் 100 ஆண்டுகள், இதற்குச் சிகிச்சை என்றாலே கத்திதான்.

யார் இந்த சுப்பாராவ்?

1895 ஜனவரி 12-ம் தேதி, அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் பிறந்தவர். இன்று அந்த ஊர் ஆந்திராவில் இருக்கிறது. சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். படிப்பும் சுலபமாக வரவில்லை. மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாவது முயற்சியில்தான் பாஸ் ஆனார், அதுவும் சென்னை வந்து. பிறகு மாநிலக் கல்லூரி, அடுத்து சென்னை மருத்துவக் கல்லூரி. மாமனார்தான் மருத்துவப் படிப்புக்குப் பணம் கொடுத்து உதவினார்.

காந்தியின் அழைப்பைக் கேட்டு, அறுவை சிகிச்சை உடையைக்கூட கதரில் போட்டுக்கொண்டார். இது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. அரசு மருத்துவப் பணியும் கைகூடவில்லை. சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு ஆசிரியராகச் சேர்ந்தார்.

இதற்கிடையே சகோதரர்கள் இருவரை நோய்க்குப் பறிகொடுத்தார். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் ஆளை உருக்கும் ஸ்ப்ரூ என்ற குடல் நோய் அவர் குடும்பத்தை விடாமல் துரத்தியது. அதற்கு மருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் வேரூன்றியது. 1920-களின் தொடக்கத்தில், மனைவி சேஷகிரியை ஊரில் விட்டுவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அதன்பிறகு அவர் திரும்பி வரவே இல்லை.

ஹார்வர்டில் என்ன செய்தார்?

செலவுக்காக மருத்துவமனையில் இரவுப் பணியாளராக வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் படித்தார். சைரஸ் ஃபிஸ்கேவுடன் சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் அளவைக் கண்டறியும் முறையை 1925-ல் வெளியிட்டார். உயிர் வேதியியல் படிக்கும் மாணவர்களுக்கு அது இன்றும் ஃபிஸ்கே - சுப்பாராவ் முறை. உடம்பின் ஆற்றல் நாணயம் எனப்படும் ஏ.டி.பி. மூலக்கூறையும் இந்த இருவர் தசையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஆனாலும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தர இடம் கிடைக்கவில்லை. 1940-ல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வகத்துக்குப் போனார்.

ஒரே ஆய்வகம், இரண்டு மருந்துகள்

1931-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், மும்பையில் கர்ப்பிணிகளுக்கு வரும் ஒருவகை ரத்தசோகையை ஈஸ்ட் சாறு குணப்படுத்துவதைக் கண்டார். அதில் இருந்த சத்துதான் ஃபோலிக் அமிலம். அதை ஆய்வகத்திலேயே தயாரிக்கும் வழியை 1940-களின் நடுவில் சுப்பாராவின் குழு கண்டுபிடித்தது. ஸ்ப்ரூ நோய்க்கும் அது பலன் கொடுத்தது. சகோதரர்களை இழந்தவரின் தேடலுக்கு ஒரு விடை கிடைத்தது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிறார்களே இரும்புச்சத்து மாத்திரை, அதில் இருப்பதும் இதே ஃபோலிக் அமிலம்தான்.

செல்கள் பெருக ஃபோலிக் அமிலம் தேவை. அப்படியென்றால், பார்க்க அதே மாதிரி இருந்து வேலை மட்டும் செய்யாத ஒரு பொருளைக் கொடுத்தால்? சாவித் துவாரத்தில் போலிச் சாவி மாட்டிக்கொள்வது மாதிரிதான். வேகமாகப் பெருகும் செல்கள் அப்படியே நின்றுவிடும். அமினோப்டெரின், மெத்தோட்ரெக்ஸேட் இரண்டும் இப்படி உருவானவை.

அமினோப்டெரினை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் பாதித்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. முடிவு 1948 ஜூனில் வெளியானது. இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் மாதம், 53 வயதில் சுப்பாராவ் தூக்கத்திலேயே மாரடைப்பால் இறந்துபோனார்.

புற்றுநோய் மருந்து கருக்குழாய்க்கு வந்தது எப்படி?

நஞ்சுக்கொடி செல்களில் வரும் கோரியோகார்சினோமா என்ற புற்றுநோயை மெத்தோட்ரெக்ஸேட் குணப்படுத்துவதை, 1956-ல் அமெரிக்காவில் மின் சியு லி, ராய் ஹெர்ட்ஸ் உள்ளிட்டோர் காட்டினார்கள். எக்டோபிக் கர்ப்பத்தில் குழாயில் ஒட்டி வளர்வதும் நஞ்சுக்கொடியாக மாறும் செல்கள்தான். அதே மருந்து இதற்கும் உதவுமா? 1982-ல் ஜப்பானிய மருத்துவர்கள் முயன்று வெற்றி பெற்றார்கள். 1990-களில், ஒரே ஊசியாகக் கொடுக்கும் முறை பரவலானது. வளர்ச்சி நின்ற திசுவை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துக்கொள்ளும். வயிற்றைத் திறக்க வேண்டாம், குழாயையும் வெட்ட வேண்டாம்.

எல்லோருக்கும் பொருந்துமா?

இல்லை. குழாய் வெடிக்காமல் இருக்க வேண்டும். ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு சீராக இருக்க வேண்டும். கருவுக்கு இதயத் துடிப்பு இருந்தாலோ, கட்டி பெரிதாக இருந்தாலோ, கர்ப்ப ஹார்மோனான ஹெச்.சி.ஜி. அளவு அதிகமாக இருந்தாலோ ஆபரேஷன்தான் பாதுகாப்பு. கல்லீரல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் இந்த ஊசி கூடாது. கர்ப்பப்பையில் நன்றாக வளரும் கருவை இது பாதிக்கும் என்பதால், நோய் உறுதியான பிறகே போடுவார்கள்.

ஊசி போட்டதோடு முடிந்துவிடாது. 4-வது நாளும் 7-வது நாளும் ரத்தப் பரிசோதனை. இடையில் ஹார்மோன் அளவு 15 சதவீதமாவது குறைய வேண்டும். பிறகும் அது முழுதாக மறையும்வரை வாராவாரம் பார்க்க வேண்டும். இந்த நாட்களில் ஃபோலிக் அமில மாத்திரை எடுக்கக் கூடாது, எடுத்தால் மருந்தின் வேலை கெட்டுவிடும். மதுவும் கூடாது. அடுத்த கர்ப்பத்துக்குப் பொதுவாக மூன்று மாதமாவது காத்திருக்கச் சொல்வார்கள்.

முக்கியமான விஷயம், ஊசிக்குப் பிறகும் குழாய் வெடிக்கலாம். கடுமையான வயிற்று வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் என எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

சுப்பாராவுக்கு நோபல் கிடைக்கவில்லை. 1995-ல், பிறந்து 100 ஆண்டுகளுக்குப் பிறகு, இந்தியா தபால் தலை வெளியிட்டது. யானைக்கால் நோய்க்கு இன்றும் கொடுக்கப்படும் டி.இ.சி. மாத்திரையும் அவர் தலைமையில் வந்ததுதான். ஆனால், ஒழுங்காக வளரும் கர்ப்பத்துக்கு ஒரு மாத்திரை, இடம் மாறிய கர்ப்பத்துக்கு ஓர் ஊசி என இரண்டுமே அவர் ஆய்வகத்திலிருந்து வந்தவை என்பது, அவற்றை வாங்கிக்கொள்ளும் பெண்களில் பலருக்குத் தெரியாது.