கப்பல் தலைவர் பால் கஃபி

அடிமையாய் விற்கப்பட்ட ஒருவரின் மைந்தர் தம் குடும்பத்தை எந்நிலைக்கு உயர்த்தினார் என்பதை நம் அங்கத்தினரும் குடும்பத்தாரும் அறிதல் நலமெனக் கருதி, அமெரிக்கக் கப்பல் தலைவர் பால் கஃபியின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

இவர்தம் தந்தையார் மேற்கு ஆப்பிரிக்காவின் அக்கான் இனத்திற் பிறந்த கோஃபி. வெள்ளிக்கிழமையிற் பிறந்த ஆண்மகவுக்கு அவ்வினத்தார் இடும் பெயர் அது. பாலப் பருவத்திலேயே மாஸசூஸெட்ஸ் மாகாணத்திற்குக் கொண்டுவரப்பட்டு, ஸ்லோகம் குடும்பத்தார்க்கு அடிமையானார். 1742இல் அக்குடும்பத்துள்ளேயே 150 பவுனுக்குக் கைமாறினார். பின்னர் விடுதலை எய்தி, 1746இல் வம்பனோக் என்னும் பழங்குடியைச் சார்ந்த ரூத் மோஸஸ் அம்மையாரை மணந்தார். மக்கள் பதின்மருள் ஏழாமவராகப் பால் 1759 ஜனவரி 17ஆம் நாள் பிறந்தார். 1766இல் தந்தையார் 116 ஏக்கர் நிலம் வாங்கினார். விலைக்கு விற்கப்பட்டவரே விலைகொடுத்து மண்ணுக்குடையவரானார்!

தந்தையார் 1772இல் காலஞ்சென்றபின் மக்களுட் பெரும்பாலார் எசமானரின் குடிப்பெயரை நீக்கி, தந்தையின் பெயரையே குடிப்பெயராகக் கொண்டனர். செல்வாக்குள்ள பெயரை விடுத்து, அடிமைகளிடத்தே வழங்கிய பெயரைத் தாமே மேற்கொள்வது எளிய காரியமன்று என்பது நம் துணிபு.

பால் இளமையிலேயே திமிங்கில வேட்டைக் கப்பல்களில் ஊழியஞ் செய்தார். 1776இல் ஆங்கிலேயர் கையிற் சிக்கி நியூயார்க்கில் மூன்று திங்கள் சிறையிருந்தார். வாக்குரிமையில்லார்மீது வரி விதித்தல் முறையன்றென்று 1780இல் தமையனார் ஜானுடனும் பிறருடனும் சட்டசபைக்கு மனுச் செய்தார். அந்நியாயத்தையே சொல்லி அமெரிக்கர் ஆங்கில அரசோடு போர் புரிந்துகொண்டிருந்த காலம் அது. எனினும் மனு பலிக்கவில்லை. வரி செலுத்தாமைக்காகச் சகோதரர் இருவரும் சிறைப்பட்டனர்.

வாணிகத்தாற் பொருள் பெருகியபின், தம் ஊரில் பள்ளிக்கூடம் வேண்டுமென்றார். ஊரார் இணங்காமையால் 1797இல் தம் நிலத்திலே தாமே கட்டி, நிறபேதமின்றி எல்லாப் பிள்ளைகட்கும் திறந்துவிட்டார்.

ஆயினும், அந்நாட்டில் தம் இனத்தார் சமமாக வாழ இடமுண்டோ என்னும் ஐயம் அவரை விட்டகலவில்லை. 1811இல் கறுப்பின மாலுமிகளுடன் 'டிராவலர்' என்னும் தம் கப்பலைச் செலுத்திச் சியரா லியோனை அடைந்தார். 1812இல் திரும்பியபோது சுங்க அதிகாரிகள் கப்பலைப் பறிமுதல் செய்யவே, வாஷிங்டன் சென்று ஜனாதிபதி மாடிஸனைக் கண்டு மீட்டார். 1815 டிசம்பரில் 38 பேரைப் பெரும்பாலும் தம் செலவிலேயே ஏற்றிச்சென்று அங்குக் குடியேற்றினார். தாம் மட்டும் குடியேறவில்லை. மனைவியார் ஊரைவிட்டு வர இசையவில்லை.

1816 டிசம்பரில், அடிமைகளை உடைய பிரபுக்களும் கலந்த குடியேற்றச் சங்கம் ஒன்று தோன்றி, விடுதலைபெற்ற கறுப்பினத்தாரை ஆப்பிரிக்காவுக்கு அனுப்ப முற்பட்டது. அடுத்த மாதமே பிலடெல்பியாவில் திரளாகக் கூடிய கறுப்பின மக்கள் அதனை மறுத்தனர். தாமே விரும்பிச் செல்வதும் பிறர் துரத்தச் செல்வதும் ஒன்றாகுமோ? பாலின் நோக்கமும் அச்சங்கத்தாரின் நோக்கமும் வேறு என்றே நாம் கொள்கிறோம்.

இவ்வழக்குத் தீருமுன்னரே 1817 செப்டம்பர் 7ஆம் நாள் அவர் உயிர்நீத்தார். வெஸ்ட்போர்ட் ஊரில் குவேக்கர் சமயத்தார்க்குத் தம் பொருளுதவி செய்து எழுப்பிய ஆலயத்தின் இடுகாட்டிலேயே அடக்கமானார். 1913இல் அவர்தம் கொள்ளுப்பேரர் ஒருவர் அங்கே ஞாபகக்கல் நாட்டினார். கோஃபியின் பெயரே குடிப்பெயராய் அக்கல்லில் நிற்கின்றது.