எர்னி பிளேக்

எர்னி பிளேக் (1913 – சனவரி 14, 1989) ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் உள்ள தாவோஸ் ஸ்கை வேலி என்னும் பனிச்சறுக்கு மலையைத் தோற்றுவித்தவர் ஆவார். இவர் 1955 ஆம் ஆண்டில் தொடங்கிய இம்மலைத் தொழில், இவருடைய மறைவுக்குப் பின்னும் 2013 வரை இவருடைய குடும்பத்தினரின் கையில் இருந்தது. பெருநிறுவனங்கள் நிறைந்த ஒரு துறையில் ஒரு குடும்பமே ஒரு மலையை நடத்திக் காட்டியதற்கு எடுத்துக்காட்டாக இவருடைய வாழ்க்கை கூறப்படுகிறது.

இளமை

இவருடைய இயற்பெயர் எர்ன்ஸ்ட் பிளாக். இவர் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் வளர்ந்த இவர் சிறுவயதிலேயே ஆல்ப்ஸ் மலைகளில் பனிச்சறுக்கு பயின்றார். நாசிகளின் ஆட்சியில் யூதர்கள் மீதான ஒடுக்குமுறை பெருகிய நிலையில் 1938 இல் அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்தார். 1942 இல் ரோடா லிம்பர்க் என்பவரை மணந்தார்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவத்தின் உளவுப் பிரிவில் பணியாற்றினார். ஜெர்மன் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர் என்பதால் ஜெர்மானியக் கைதிகளை விசாரிக்கும் பணி இவருக்குத் தரப்பட்டது. எர்னி பிளேக் என்பது இராணுவத்தில் இவர் கொண்ட பெயராகும். போருக்குப் பின்னரும் அப்பெயரையே வைத்துக்கொண்டார்.

மலையைத் தேடுதல்

போருக்குப் பின் பிளேக் குடும்பத்தினர் நியூ மெக்சிக்கோவின் தலைநகரான சான்டா பேயில் குடியேறினர். அங்கிருந்த பனிச்சறுக்குத் தலத்தையும், அண்டை மாநிலமான கொலராடோவில் கிளென்வுட் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் இருந்த மற்றொரு தலத்தையும் இவர் மேற்பார்வை செய்து வந்தார். இரண்டுக்கும் இடையே தம்முடைய சிறு விமானத்தில் தாமே பறந்து செல்வது வழக்கம். அவ்வாறு பறக்கும்போது மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரமான வீலர் சிகரத்தின் (4,011 மீட்டர்) அருகே, வடக்கு நோக்கிய சரிவுகளில் வெயில் படாமல் பனி நெடுநாள் தங்கியிருப்பதைக் கண்டார்.

அவ்விடத்தில் முன்பு டுவைனிங் என்ற சுரங்கக் குடியிருப்பு இருந்து கைவிடப்பட்டிருந்தது. பள்ளத்தாக்கின் அடிவாரமே கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,800 மீட்டர் உயரம். அதாவது, தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியை (2,695 மீட்டர்) விட இம்மலையின் அடிவாரம் உயரமானது.

தொடக்க ஆண்டுகள்

1955 இல் பிளேக்கும் அவருடைய மனைவியும் மூன்று குழந்தைகளும் ஒரு சிறிய இழுவை வண்டியையே வீடாகக் கொண்டு அங்கே குடியேறினர். பனிச்சறுக்கு வீரர்களை மேலே இழுத்துச் செல்லும் முதல் இழுவை வடம் 1956 இல் அமைக்கப்பட்டது. அது மிகக் குறுகிய ஒன்றாகும். அடுத்த ஆண்டு செங்குத்தான முகப்புச் சரிவில் பெரிய வடம் அமைக்கப்பட்டது. சரிவில் சாலை இல்லாத நிலையில் அதன் பாகங்களை மேலே கொண்டு சேர்ப்பதில் தாவோஸ் பியூப்லோ பழங்குடியினரின் உழைப்பு பெரும் பங்கு வகித்தது. இச்சரிவு, இதய நோய்க்குப் பின்னும் பிராணவாயுக் குப்பியுடன் சறுக்கிய மருத்துவர் ஆல் ரோசனின் பெயரால் வழங்குகிறது.

நடத்திய முறை

பனிச்சறுக்கு மலையின் வருமானம் ஓராண்டில் சில மாதங்களுக்குள் ஈட்டப்பட வேண்டியது. மழையை நம்பிய புதுக்கோட்டைச் சீமையின் கண்மாய்ப் பாசனத்தைப் போலவே, இத்தொழிலும் அவ்வாண்டின் பனிப்பொழிவை நம்பியது. பனி குறைந்தாலும் வடங்களைப் பராமரிக்கும் செலவும், கடன் தவணையும், ஊழியர் சம்பளமும் குறைவதில்லை. பனி மிகுந்தால் பனிச்சரிவு அபாயம் ஏற்படும். எனவே சரிவுகளைத் திறப்பதற்கு முன்பே நிலையற்ற பனியை வெடிபொருள் கொண்டு வீழ்த்த வேண்டும். மேலும் மலையின் பெரும்பகுதி கார்சன் தேசிய வனத்தைச் சேர்ந்த அரசு நிலமாதலால், வனத்துறையின் உரிமத்தின் பேரிலேயே அதைப் பயன்படுத்த இயன்றது.

இந்நிலையைப் பிளேக் தம் வழியில் எதிர்கொண்டார். ஒரு நாள் வந்து போவோரை விட, ஒரு வாரம் தங்கி விடுதியும் உணவும் பயிற்சியும் சேர்த்துப் பெறும் விருந்தினரையே பெரிதும் நாடினார். பிரான்சிலிருந்து வந்த ஜான் மேயர் அடிவாரத்தில் நடத்திய விடுதியும், அவர் பொறுப்பேற்ற பயிற்சிப் பள்ளியும் இதற்குத் துணை நின்றன. வாரத் தொடக்கத்தில் பிளேக் தாமே அடிவாரத்தில் நின்று, வந்தவர்களைத் திறனுக்கேற்ப வகுப்புகளாகப் பிரிப்பார். முதலாளி, வழிகாட்டி, ஆசிரியர் ஆகிய பணிகளை அவர் ஒருசேரச் செய்தார்.

முகப்புச் சரிவின் செங்குத்தைக் கண்டு புதியவர்கள் திரும்பிப் போகக் கூடாதென்று, அவர்கள் காண்பது மலையின் முப்பதில் ஒரு பங்கே என்றும், எளிய தடங்களும் பல உண்டு என்றும் அறிவிக்கும் பலகையை வைத்தார். அச்சத்தில் தயங்கிய மாணவர்களுக்காக மரங்களில் மது நிறைந்த கண்ணாடிக் குடுவைகளை மறைத்து வைத்ததும் பரவலாக அறியப்பட்ட செய்தியாகும். இட்லரைக் கொல்ல முயன்று உயிர்நீத்த இசுடாவ்பென்பெர்க், டிரெஸ்கோ, ஆஸ்டர் ஆகியோரின் பெயர்களைச் சில கடினமான சரிவுகளுக்குச் சூட்டினார். நாசிகளின் காலத்தில் நாட்டை விட்டு வந்தவர் அம்மலையில் விட்டுச் சென்ற நினைவுச் சின்னம் இதுவே எனலாம்.

மலை வளர்ந்தபோது எதிர்ப்பும் எழுந்தது. இப்பள்ளத்தாக்கில் ஓடும் ஓன்டோ ஆற்றின் நீரைக் கீழ்ப்பகுதி உழவர்கள் பழைய வாய்க்கால்கள் மூலம் பாசனத்திற்குப் பயன்படுத்தி வந்தனர். விடுதிகள் பெருகினால் ஆற்றுநீர் கெடும் என்பது அவர்களின் கவலையாக இருந்தது. சிறிய மலையாகவே இருப்பதா, செலவை ஈடுகட்ட வளர்வதா என்ற கேள்வி அக்குடும்பத்தை இறுதிவரை தொடர்ந்தது.

மறைவும் பின்னரும்

1987 இல் அமெரிக்காவின் தேசியப் பனிச்சறுக்குப் புகழ்க்கூடத்தில் பிளேக் சேர்க்கப்பட்டார். 1989 சனவரி 14 அன்று, பனிச்சறுக்குப் பருவத்தின் நடுவே, காலமானார். அதன்பின் மகன் மிக்கி பிளேக்கின் தலைமையில் குடும்பத்தினர் மலையை நடத்தினர்.

ஒற்றைப் பலகையில் நின்று சறுக்குவதை நெடுங்காலம் தடை செய்திருந்த இம்மலை, 2008 மார்ச் 19 அன்று அத்தடையை நீக்கியது. வடங்களையும் அடிவாரக் கட்டடங்களையும் புதுப்பிப்பதற்குப் பெருமுதல் தேவைப்பட்ட நிலையில், 2013 இல் முதலீட்டாளர் லூயிஸ் பேக்கனுக்கு மலை விற்கப்பட்டது. முன்பு நடந்தே ஏற வேண்டியிருந்த கச்சினா சிகரத்திற்கு 2014 இல் இருக்கை வடம் கட்டப்பட்டது. சுமார் 58 ஆண்டுகள் நீடித்த குடும்ப உரிமை முடிவுக்கு வந்த போதிலும், பிளேக் பெயரிட்ட சரிவுகள் அப்பெயர்களாலேயே வழங்கி வருகின்றன.