சிறையில் அடைத்த அதிகாரிகளுக்காக வாதாடிய சர்தார் படேல்: இந்தியக் குடிமைப் பணி நிலைத்து நின்ற வரலாறு

நாடு முழுவதும் ஆண்டுதோறும் ஏப்ரல் 21-ஆம் தேதி தேசிய குடிமைப் பணிகள் தினம் கடைப்பிடிக்கப்படுகிறது. 1947-ஆம் ஆண்டு இதே நாளில், டெல்லி மெட்கால்ஃப் இல்லத்தில் பயிற்சி பெற்று வந்த ஐஏஎஸ் எனப்படும் இந்திய ஆட்சிப் பணியின் முதல் அணியினரிடையே சர்தார் வல்லபபாய் படேல் உரையாற்றினார். அந்த நிகழ்வின் நினைவாகவே இந்த நாள் தேர்ந்தெடுக்கப்பட்டது. 2006-ஆம் ஆண்டு முதல் மத்திய அரசு இதனைக் கொண்டாடி வருகிறது.

560-க்கும் மேற்பட்ட சமஸ்தானங்களை இந்தியாவுடன் இணைத்தவர் என்றே படேல் பெரிதும் நினைவுகூரப்படுகிறார். அந்த இணைப்பைத் தாங்கி நிற்கக்கூடிய நிர்வாக அமைப்பைக் காப்பாற்றியதும் அவரே. ஆங்கிலேய ஆட்சியில் தம்மைப் பலமுறை சிறைக்கு அனுப்பிய அதே அதிகாரி வர்க்கத்துக்காக, சொந்தக் கட்சியினரின் எதிர்ப்பையும் மீறி அவர் அரசியல் நிர்ணய சபையில் வாதாட நேர்ந்தது.

அதிகாரிகளை எதிர்த்து வளர்ந்த வழக்கறிஞர்

குஜராத்தின் நடியாத்தில் பிறந்த படேலின் பிறந்தநாள் பள்ளிப் பதிவின்படி 1875 அக்டோபர் 31 ஆகும். கரம்சத் கிராமத்தைச் சேர்ந்த எளிய விவசாயக் குடும்பம் அவருடையது. 22-ஆவது வயதில்தான் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேர்ச்சி பெற்றார். பின்னர் பிளீடர் தேர்வு எழுதி கோத்ராவிலும், அதன்பின் போர்சத்திலும் வழக்கறிஞர் தொழில் நடத்தினார். சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து 1910-இல் இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் பட்டம் பெற்றார். 1913-இல் தாயகம் திரும்பி, அகமதாபாத்தில் குற்றவியல் வழக்குகளில் பெயர் பெற்றார்.

1917-இல் அகமதாபாத் நகராட்சி உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதே அவரது பொதுவாழ்வின் தொடக்கம். சுகாதாரக் குழுவின் தலைவராகப் பொறுப்பேற்ற அவர், நகரில் பிளேக் நோய் பரவியபோது ஊரை விட்டு வெளியேறாமல் பணிகளை நேரில் கவனித்தார். 1924 முதல் 1928 வரை நகராட்சித் தலைவராகவும் இருந்தார். குடிநீர், கழிவுநீர், துப்புரவு ஆகியவை தீர்மானங்களால் மட்டும் நடந்துவிடுவதில்லை என்பதையும், உத்தரவைச் செயலாக மாற்றும் ஊழியர்கள் இல்லாமல் எந்த நிர்வாகமும் இயங்காது என்பதையும் அவர் அங்கே நேரடியாகக் கண்டார்.

மறுபுறம், மாவட்ட நிர்வாகத்துடன் அவருக்கு ஓயாத மோதல் இருந்தது. 1918-இல் கேடா மாவட்டத்தில் விளைச்சல் பொய்த்தபோது நிலவரி வசூலை நிறுத்திவைக்க அதிகாரிகள் மறுத்தனர். காந்தியடிகளின் வழிகாட்டுதலில் நடைபெற்ற அந்தச் சத்தியாகிரகத்துக்காகப் படேல் தம் தொழிலை ஒதுக்கிவைத்து, கிராமம் கிராமமாகச் சென்றார்.

பர்தோலி தந்த பாடம்

1928-இல் சூரத் மாவட்டத்தின் பர்தோலி வட்டத்தில் நிலவரி சுமார் 22 சதவீதம் உயர்த்தப்பட்டது. படேல் தலைமையில் விவசாயிகள் வரி கொடுக்க மறுத்தனர். நிலங்களும் கால்நடைகளும் ஜப்தி செய்யப்பட்டபோதும் மக்கள் பின்வாங்கவில்லை. சர்தார் என்ற பட்டம் இந்தப் போராட்டத்தில்தான் அவருக்கு நிலைத்தது.

போராட்டத்தின் முடிவில் விசாரணைக்கு அரசு உடன்பட்டது. விசாரணையை நடத்தியவர்கள் புரூம்ஃபீல்டு, மேக்ஸ்வெல் என்ற இரண்டு ஐசிஎஸ் அதிகாரிகள். இருவரும் ஆங்கிலேயர்கள். கிராமங்களுக்கு நேரில் சென்று ஆய்வு செய்த அவர்கள், வரி உயர்வுக்கு அடிப்படையாக இருந்த குத்தகை விவரங்கள் நம்பத்தகுந்தவை அல்ல என்று கண்டறிந்தனர். 22 சதவீத உயர்வு சுமார் 6 சதவீதமாகக் குறைந்தது.

தாங்கள் பணியாற்றும் அரசின் முடிவே தவறு என்று அந்த அரசின் அதிகாரிகளே எழுத்தில் பதிவு செய்தனர். அச்சமின்றி உண்மையை எழுதும் அதிகாரி, தன்னை எதிர்ப்பவருக்கும் நியாயம் வழங்க முடியும் என்பதற்குப் பர்தோலி அறிக்கை சான்றாக அமைந்தது.

அதே அமைப்பின் மறுமுகத்தையும் படேல் அனுபவித்தார். 1930-இல் தண்டி யாத்திரை தொடங்குவதற்கு முன்பே அவர் கைது செய்யப்பட்டார். 1932-இல் மீண்டும் கைதாகி எரவாடா சிறையில் காந்தியடிகளுடன் அடைக்கப்பட்டார். 1942 ஆகஸ்ட்டில் வெள்ளையனே வெளியேறு தீர்மானத்தைத் தொடர்ந்து அகமத்நகர் கோட்டைக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1945 ஜூன் மாதத்தில்தான் விடுவிக்கப்பட்டார். 1942-இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உள்துறைப் பொறுப்பு வகித்தவர், பர்தோலி விசாரணையை நடத்திய அதே மேக்ஸ்வெல்.

ஆட்டம் கண்ட நிர்வாகம்

1946 செப்டம்பர் 2-ஆம் தேதி அமைந்த இடைக்கால அரசில் படேல் உள்துறைப் பொறுப்பை ஏற்றபோது நிர்வாகம் தளர்ந்திருந்தது. நாடு முழுவதையும் நிர்வகித்த ஐசிஎஸ் அமைப்பில் இருந்தவர்கள் ஏறத்தாழ 1000 பேர் மட்டுமே. அவர்களில் பாதியளவினர் ஐரோப்பியர்கள். பெரும்பாலானோர் தாயகம் திரும்பத் தயாராகிக் கொண்டிருந்தனர். இரண்டாம் உலகப் போரின்போது புதிய ஆள்சேர்ப்பும் நின்றுபோயிருந்தது. பிரிவினை வந்தால் முஸ்லிம் அதிகாரிகளில் பெரும்பாலானோர் பாகிஸ்தானுக்குச் செல்வார்கள் என்பதும் தெளிவாகியிருந்தது.

எஞ்சியிருந்த இந்திய அதிகாரிகள் மீது காங்கிரஸ் கட்சிக்குள் கசப்பு மிகுந்திருந்தது. தடியடிக்கும் கைதுக்கும் உத்தரவிட்டவர்களை சுதந்திர இந்தியா ஏன் சுமக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. ஜவாஹர்லால் நேருவும் ஐசிஎஸ் மனப்பான்மையை முன்னர் கடுமையாக விமர்சித்தவரே.

1946 அக்டோபரில் மாகாணப் பிரதமர்களின் மாநாட்டைப் படேல் கூட்டினார். ஐசிஎஸ்ஸுக்கு மாற்றாக இந்திய ஆட்சிப் பணியும், ஐபி எனப்பட்ட காவல் பணிக்கு மாற்றாக இந்தியக் காவல் பணியும் தொடங்குவது என்ற முடிவு அங்கே எடுக்கப்பட்டது. தங்களுக்கெனத் தனிப் பணிகள் வேண்டும் என்று கருதிய சில மாகாணங்கள் தயங்கின. மத்திய அரசு தேர்வு செய்து, மாகாணங்களில் பணியாற்றி, இரு தரப்புக்கும் பொதுவாக இருக்கும் அதிகாரிகளே நாட்டை இணைத்து வைக்க முடியும் என்பது படேலின் நிலைப்பாடாக இருந்தது.

அடுத்த ஆண்டு மெட்கால்ஃப் இல்லத்தில் பயிற்சி அதிகாரிகளைச் சந்தித்தபோது, முந்தைய காலத்து அதிகாரிகளைப் போல மக்களிடமிருந்து விலகி நிற்கக் கூடாது என்று அவர் அறிவுறுத்தினார். அரசியலில் பங்கு கொள்ளாமை, மதச் சச்சரவுகளில் சிக்காமை, நேர்மை, மக்களைத் தம்மவராகக் கருதி நடத்துதல் ஆகியவற்றை அவர் வலியுறுத்தினார்.

எழுத்தராகத் தொடங்கியவர் செயலாளரானார்

சுதந்திரத்துக்கு முந்தைய வாரங்களில் இந்த நிர்வாக அமைப்பு கடும் சோதனைக்கு உள்ளானது. 1947 ஜூன் 3-ஆம் தேதி பிரிவினைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆகஸ்ட் 15-க்குள் ராணுவம், கருவூலம், ரயில்வே, கோப்புகள் என அனைத்தையும் இரு நாடுகளுக்கும் பிரித்தாக வேண்டும். அந்தப் பணியை ஒருங்கிணைத்தவர்கள் இந்தியத் தரப்பில் எச்.எம்.படேல், பாகிஸ்தான் தரப்பில் சௌத்ரி முகமது அலி என்ற இரு அதிகாரிகள். இரண்டரை மாதங்களுக்கும் குறைவான காலத்தில் அவர்கள் அதைச் செய்து முடித்தனர்.

சமஸ்தானங்கள் துறையின் செயலாளராகப் படேல் தேர்ந்தெடுத்த வி.பி.மேனன் ஐசிஎஸ் அதிகாரி அல்லர். அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த ஒற்றப்பாலத்தைச் சேர்ந்தவர். இளம் வயதிலேயே படிப்பை விட்டு, கோலார் தங்கவயலில் வேலை பார்த்து, பின்னர் அரசுப் பணியில் எழுத்தராகச் சேர்ந்தவர். படிப்படியாக உயர்ந்து, வைஸ்ராயின் அரசியல் சீர்திருத்த ஆணையர் பொறுப்பை எட்டினார்.

ஆகஸ்ட் 15-க்குப் பின் ஓய்வு பெற மேனன் விரும்பினார். நாடு நெருக்கடியில் இருக்கும்போது ஓய்வைப் பற்றி எண்ணக் கூடாது என்று கூறி அவரைப் படேல் தடுத்துவிட்டார். பிறப்பும் பட்டமும் பாராமல் திறமையைக் கண்டு பொறுப்பை ஒப்படைத்ததோடு, அவருக்கு முழு நம்பிக்கையும் வழங்கினார். 1947 டிசம்பரில் ஒடிசாவின் சிறு சமஸ்தானங்களை இணைக்கக் கட்டாக் சென்றபோது இருவரும் உடனிருந்தனர். இணைப்பு வரலாற்றை எழுத வேண்டும் என்று படேலுக்கு அளித்த வாக்கை மேனன் 1956-இல் நூலாக நிறைவேற்றினார்.

1948 செப்டம்பரில் ஹைதராபாத் நடவடிக்கை முடிந்த பின்னரும் அதிகாரிகளின் பங்கு தொடர்ந்தது. சென்னை மாகாணம் உள்ளிட்ட அண்டைப் பகுதிகளிலிருந்து அதிகாரிகள் அங்கு அனுப்பப்பட்டனர். அதிகாரிகள் பற்றாக்குறையைச் சமாளிக்க, வழக்கமான போட்டித் தேர்வுக்கு அப்பால் ராணுவத்தில் பணியாற்றியோர், சமஸ்தான அதிகாரிகள் ஆகியோரிடமிருந்தும் இந்திய ஆட்சிப் பணிக்கு அவசர ஆள்சேர்ப்பு நடத்தப்பட்டது.

1949 அக்டோபர் 10

அரசியல் நிர்ணய சபையில் 1949 அக்டோபர் 10-ஆம் தேதி விவாதம் சூடுபிடித்தது. ஐசிஎஸ் அதிகாரிகளின் ஊதியம், விடுப்பு, ஓய்வூதியம், ஒழுங்கு நடவடிக்கை உரிமைகள் ஆகியவை மாறாமல் தொடரும் என்று உறுதியளிக்கும் பிரிவு அப்போது விவாதிக்கப்பட்டது. பின்னர் 314-ஆவது பிரிவாக இடம்பெற்றது இதுவே. சென்னை மாகாணத்தைச் சேர்ந்த எம்.அனந்தசயனம் அய்யங்கார் உள்ளிட்ட உறுப்பினர்கள் கடுமையாக எதிர்த்தனர். விடுதலைப் போராட்டத்தை ஒடுக்கியவர்களுக்கு, ஏழை நாட்டின் அரசியலமைப்பில் தனிச் சலுகை எதற்கு என்பதே எதிர்ப்பின் சாரம். சிறை சென்றவர்கள் நிறைந்த அவையில் அந்தக் கேள்விக்குக் கனம் இருந்தது.

படேல் அதற்கு இரண்டு விதமாகப் பதிலளித்தார். முதலாவது, வாக்குறுதி பற்றியது. அதிகாரிகளுக்கு ஏற்கெனவே அளிக்கப்பட்ட உத்தரவாதத்தை மீறும் நாடு எவருடைய நம்பிக்கையையும் பெறாது என்று அவர் எச்சரித்தார். இரண்டாவது, பிரிவினையின்போதும் அதன் பின்னரும் இந்த அதிகாரிகள் இரவு பகலாக உழைத்ததைத் தாம் நேரில் கண்டதாகச் சான்றளித்தார். அவர்களை அகற்றினால் நாடெங்கும் குழப்பம்தான் மிஞ்சும் என்பது அவரது கணிப்பு.

தம் செயலாளர்கள் தமக்கு மாறான கருத்தையும் தயங்காமல் எழுதலாம் என்றும், அமைச்சருக்குப் பிடிக்காது என்று அஞ்சி உண்மையை மறைப்பவர் தமக்குத் தேவையில்லை என்றும் அவர் அவையில் விளக்கினார். மனதில் பட்டதைச் சொல்லும் சுதந்திரம் கொண்ட அகில இந்தியப் பணி இல்லாவிட்டால் ஒன்றுபட்ட இந்தியா நிலைக்காது என்பது அவரது வாதத்தின் மையம். பிரிவு நிறைவேறியது.

உடல் தளர்ந்தும் தொடர்ந்த பணி

இந்த வாதத்தை முன்வைத்தபோது படேலுக்கு 73 வயது. 1948 மார்ச் மாதம் ஏற்பட்ட மாரடைப்புக்குப் பிறகு அவரது உடல்நிலை முழுமையாகத் தேறவில்லை. ஆயினும் அலுவல்களை அவர் கைவிடவில்லை. 1950 டிசம்பர் 15-ஆம் தேதி பம்பாயில் காலமானார். டெல்லி அவுரங்கசீப் சாலையில் இருந்த அவரது இல்லத்தில் குடிமைப் பணி, காவல் பணி அதிகாரிகள் பெருந்திரளாகக் கூடி அஞ்சலி செலுத்தினர். நாட்டுக்குத் தொடர்ந்து விசுவாசத்துடன் உழைப்பதாக அவர்கள் உறுதியேற்றனர். சிறைக் கைதியாக இருந்த ஒரு தலைவருக்கு அதிகாரி வர்க்கம் செலுத்திய மரியாதை அது.

இன்று எஞ்சியிருப்பது என்ன?

படேல் போராடிப் பெற்ற 314-ஆவது பிரிவு இன்று அரசியலமைப்பில் இல்லை. 1972-இல் 28-ஆவது திருத்தத்தின் மூலம் அது நீக்கப்பட்டது. ஐசிஎஸ் அதிகாரிகளுக்கான தனிச் சலுகைகள் அத்துடன் முடிவுக்கு வந்தன.

ஆனால் அந்த விவாதத்தின் அடிப்படை நோக்கம் பிற பிரிவுகளில் நிலைத்திருக்கிறது. 312-ஆவது பிரிவு அகில இந்தியப் பணிகளுக்கு இடமளிக்கிறது. 315 முதல் 323 வரையிலான பிரிவுகள் ஆள்சேர்ப்பைச் சுதந்திரமான தேர்வாணையங்களிடம் ஒப்படைக்கின்றன. 311-ஆவது பிரிவின்படி, குற்றச்சாட்டைத் தெரிவித்து, விளக்கமளிக்க நியாயமான வாய்ப்பு வழங்காமல் குடிமைப் பணியில் உள்ள ஒருவரைப் பணிநீக்கமோ பதவிக்குறைப்போ செய்ய இயலாது. சில விதிவிலக்குகள் உண்டு. இந்தப் பாதுகாப்பு உயர் அதிகாரிகளுக்கு மட்டும் உரியதன்று, எழுத்தர் வரை பொருந்தும்.

இந்தப் பாதுகாப்பு தவறு செய்யும் ஊழியருக்கும் கேடயமாகிவிடுகிறது என்ற விமர்சனம் நெடுங்காலமாக உள்ளது. பணிநீக்கத்துக்குத் தடை இருந்தாலும், நேர்மையாக எழுதும் அதிகாரியை இடமாற்றத்தால் தண்டிக்க முடியும் என்ற குறையும் சுட்டிக்காட்டப்படுகிறது. பயிற்சி, திறன் மேம்பாடு ஆகியவற்றுக்காக 2020-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த கர்மயோகி இயக்கம் உள்ளிட்ட சீர்திருத்தங்கள் நடைமுறையில் உள்ளன.

எனினும் 1949-இல் படேல் முன்வைத்த உடன்பாடு இருவழிப்பட்டது. அரசு தன் ஊழியருக்குப் பாதுகாப்பும் மரியாதையும் தர வேண்டும். ஊழியர் அதற்கு ஈடாக அச்சமோ சார்போ இன்றி உண்மையான கருத்தை எழுத வேண்டும். ஆண்டுதோறும் ஏப்ரல் 21-ஆம் தேதி வழங்கப்படும் பிரதமரின் விருதுகள் சிறந்த பணியை அங்கீகரிக்கின்றன. அமைச்சருக்குப் பிடிக்காத குறிப்பை ஓர் அதிகாரி கோப்பில் துணிந்து எழுத முடிகிறதா என்பதே படேல் விட்டுச்சென்ற அளவுகோல்.