மாலைத்தீவில் காழியாக இருந்த இப்னு பதூதா

உலகம் சுற்றிய இப்னு பதூதாவின் பெயரைக் கேள்விப்படாதவர் நம்மில் குறைவு. ஆனால் மாலைத்தீவு என்னும் சிறு நாட்டில் அவர் கழித்த நாட்களை அறிந்தவர் சிலரே. ஆகவே அதைச் சுருக்கமாக எழுதத் துணிந்தோம்.

மொராக்கோ நாட்டுத் தாஞ்சியர் நகரில் 1304-ஆம் ஆண்டு பிறந்த அவர், 1325-இல் 21 வயது வாலிபராக ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். பல தேசங்கள் கடந்து தில்லி சேர்ந்து, சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கிடம் காழியாக அமர்ந்தார். பின்னர் சுல்தான் அவரைச் சீனத்துக்குத் தூது அனுப்பினார். கள்ளிக்கோட்டைக் கரையில் புயலடித்துக் காணிக்கைப் பொருள்கள் கப்பலோடு போயின. வெறுங்கையோடு தில்லி திரும்ப அஞ்சிய அவர், 1343-ஆம் ஆண்டு வாக்கில் மாலைத்தீவுக்குக் கப்பலேறினார்.

அந்நாடு 1153-லேயே இஸ்லாத்தைத் தழுவியது. அவர் சென்றபோது அரசாண்டவர் சுல்தானா கதீஜா என்ற பெண்மணி. அங்கே சோழிதான் காசு. நாலு லட்சம் சோழிக்கு ஒரு பொன் தீனார் என்பது அந்நாளைய விலை. வங்காளத்தார் அரிசி கொடுத்துச் சோழி வாங்கிப் போவார்கள். தேங்காய் நார்க் கயிற்றால் கப்பல் பலகைகளைத் தைப்பார்கள். நம் கடைகளில் விற்கும் மாசி, அன்றே அங்கிருந்து பல தேசங்களுக்கு ஏற்றுமதியாயிற்று.

கற்ற மனிதர் வந்தாரென்று அவரையே காழியாக்கினார்கள். அவரும் கண்டிப்பாக நடந்தார். ஜும்ஆவுக்கு வராதவர்களைத் தண்டித்தார். ஒரு திருடனின் கையை வெட்டத் தீர்ப்பளித்தபோது, சபையிலிருந்த பலர் மயங்கி விழுந்தார்கள். அவ்வளவு மென்மையான ஜனங்கள்! பெண்கள் மேலாடை அணிய வேண்டுமென்று அவர் எவ்வளவோ சொல்லியும் பலிக்கவில்லை. பெரிய குடும்பங்களில் பெண்ணெடுத்துச் செல்வாக்குப் பெற்றதும், வஜீருக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. மனைவியரைத் தலாக் சொல்லிவிட்டு 1344-இல் புறப்பட்டார். அவர்களில் ஒருவர் அப்போது கர்ப்பிணி.

அங்கிருந்து இலங்கை சென்று, புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியின் உபசாரம் பெற்று, பாவாதமலை ஏறி வந்தார். பிறகு சோழமண்டலக் கரையருகே கப்பல் தட்டி, மதுரை சுல்தான் கியாதுத்தீனிடம் வந்து சேர்ந்தார். அந்த சுல்தான் அவருக்கு மனைவி வழியில் உறவினர். மாலைத்தீவின்மேல் படை அனுப்ப இருவரும் யோசித்தார்கள். சுல்தான் மௌத்தாகிவிட, அது நடக்கவில்லை.

தமக்கு ஓர் ஆண்பிள்ளை பிறந்ததறிந்து, இப்னு பதூதா மறுபடியும் அத்தீவுக்குப் போனார். பிள்ளையை அழைத்துப் போக வஜீரும் தடை சொல்லவில்லை. ஆனால் குழந்தையைப் பார்த்த பிறகு, அது தன் தாயுடனும் சொந்த ஜனங்களுடனும் வளர்வதே நல்லதென்று கருதி, சில தினங்களில் தனியே வங்காளத்துக்குக் கப்பலேறினார்.

சீனம் வரை சென்று, 1349-இல் ஊர் திரும்பினார். அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட பிரயாண நூல் 1355-இல் முடிந்தது.

காழியாக அவர் அளித்த தீர்ப்புகளில் சில அம்மக்களுக்குப் பொருந்தாமல் போயின. தகப்பனாக அவர் அளித்த தீர்ப்போ, தம் ஆசையை அடக்கிப் பிள்ளையின் நன்மையைப் பார்த்தது. கடல் கடந்து பிழைக்க வந்தவர்களின் சந்ததியாகிய நமக்கு, அந்தப் பிரிவின் பாரம் என்னவென்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.