மருத்துவர் இராமலிங்கசுவாமி

பட்டு நெசவிற் பெயர்பெற்ற ஆரணி நகரின் நெசவாளர், பாவில் ஓர் இழை குறையினும் அக்குறை சேலையின் நெடுகிலும் ஓடும் என்பதை நன்கறிவர். மனித உடம்பும் அத்தகையதே. வளர்ந்த ஒருவருக்கு நாள்தோறும் வேண்டும் அயோடின் 150 மைக்ரோகிராம். அஃதாவது, ஒரு கிராமை 6,000க்கும் மேற்பட்ட கூறாக்கின் அவற்றுள் ஒரு கூறேயாம். அச்சிற்றளவும் கிட்டாதாயின் கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி வீங்கிக் கழலையாகும். கருவுற்ற தாய்க்கு அது மிகக் குறையின், பிறக்கும் குழந்தையின் செவியும் பேச்சும் அறிவும் குன்றும். இக்குறையை நம் நாட்டினின்று நீக்க வழிகாட்டியவர் மருத்துவர் உலிமிரி இராமலிங்கசுவாமி ஆவார்.

இவர் 1921ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 8ஆம் நாள் ஆந்திர நாட்டுச் சிரீகாகுளத்தில் பிறந்தார். விசாகப்பட்டினத்தில் மருத்துவம் பயின்று, ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றார். நீலகிரியைச் சார்ந்த குன்னூரில் அந்நாளில் இயங்கிய ஊட்டவுணவு ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றினார். உணவின் குறையே பல நோய்க்கு வித்தாதலை அங்கு ஆழ்ந்து கற்றார்.

இமயமலைச் சாரலிற் பலர் கழுத்துக் கழலையால் வருந்தினர். மழையும் வெள்ளமும் பனியாறும் அங்குள்ள மண்ணின் அயோடினை நெடுங்காலமாக அரித்துச் சென்றன. ஆதலின் அம்மண்ணில் விளைந்த தானியத்திலும், மேய்ந்த ஆவின் பாலிலும் அது குறைந்தது. அயோடின் நிறைந்த கடல்மீனோ அம்மலைவாணர்க்கு எட்டாப் பொருள். ஏழையும் செல்வரும் நாள்தோறும் உண்ணும் பொருள் உப்பு ஒன்றே. கடலில் விளைந்ததாயினும் உப்பில் இயல்பாக உள்ள அயோடின் மிகச் சிறிது. எனவே அதனிற் சிறிது அயோடினைக் கலந்து கொடுக்கத் துணிந்தனர்.

1956ஆம் ஆண்டு, இன்று இமாசலப் பிரதேசத்தைச் சார்ந்த காங்கிராப் பள்ளத்தாக்கில் இம்முயற்சி தொடங்கிற்று. பள்ளத்தாக்கை மூன்று பகுதியாக வகுத்தனர். இரண்டிற்கு அயோடின் கலந்த உப்பும், ஒன்றிற்கு வெற்றுப்பும் வழங்கினர். 1962ஆம் ஆண்டில் ஆய்ந்தபோது, முன்னைய இரண்டிலும் நோய் பெரிதும் தணிந்திருந்தது, மூன்றாவதிற் குறையவில்லை. உண்மை துணிதற்பொருட்டு அப்பகுதியினர் ஆறாண்டு பொறுக்க நேர்ந்தது. ஐயம் நீங்கியபின் அவர்க்கும் அவ்வுப்பே வழங்கப்பட்டது. 1968ஆம் ஆண்டில் அங்கும் நோய் வெகுவாகக் குறைந்தது.

இம்முயற்சியின் பயனாக, கழலை நோய்த் தடுப்புத் திட்டத்தை இந்திய அரசு 1962ஆம் ஆண்டிலேயே மேற்கொண்டது. இராமலிங்கசுவாமி, தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் நிலையத்தின் இயக்குநராக 1969 முதல் 1979 வரையும், பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் தலைமை இயக்குநராகவும் விளங்கினார். 1986ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. 2001ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் அவர் மறைந்தார்.

அயோடின் குறை மலைநாட்டிற்கு மட்டும் உரியதன்று, சமவெளியிலும் உண்டு என்பதைப் பின்னைய ஆய்வுகள் காட்டின. உணவுக்கென விற்கும் உப்பில் அயோடின் இருத்தல் வேண்டும் என்னும் விதி 2006ஆம் ஆண்டில் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. இன்று ஆரணி நெசவாளர் இல்லத்துச் சோற்றிலும் அச்சிற்றிழை குறைவின்றி ஓடுகின்றதெனின், காங்கிராவில் அவர் பட்ட பாடும் அதற்கு ஒரு காரணமாம்.