வில்லும் சக்கர நாற்காலியும்

விளையாட்டு உடலுக்கு உரம், உள்ளத்துக்கு மருந்து. ஓடியாடும் நமக்கே அது மருந்தானால், நடக்க இயலாதவர்களுக்கு எத்தகைய அருமருந்தாக இருக்கும்! இந்த உண்மையை உலகுக்குச் செயலால் காட்டியவர் மருத்துவ மேதை சர் லுட்விக் குட்மன். பாராலிம்பிக் போட்டிகளின் தந்தை என அவர் போற்றப்படுகிறார்.

1899ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள், அன்று ஜெர்மனியைச் சேர்ந்திருந்த டோஸ்ட் என்னும் சிற்றூரில், யூதக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். 1917இல் மருத்துவமனையில் சிறு ஊழியராக வேலை செய்தபோது, முதுகெலும்பு முறிந்த சுரங்கத் தொழிலாளி ஒருவர் அங்கே கொண்டுவரப்பட்டார். நல்ல திடகாத்திரமான இளைஞர். இனிப் பிழைக்க மாட்டார் என்று கைவிட்டார்கள். ஐந்தே வாரங்களில் அவர் இறந்தார். அந்தக் காட்சி குட்மனின் நெஞ்சை விட்டு அகலவே இல்லை.

நரம்பியல் மருத்துவராகப் புகழ் பெற்றிருந்த வேளையில் ஹிட்லரின் ஆட்சி வந்தது. யூதர் என்ற ஒரே காரணத்துக்காக 1933இல் வேலையை இழந்தார். பின்னர் பிரெஸ்லாவ் நகர யூத மருத்துவமனையில் பணிபுரிந்தார். 1938 நவம்பரில் யூதர்களின் வீடுகளும் ஆலயங்களும் சூறையாடப்பட்ட இரவில், அடைக்கலம் தேடி ஓடி வந்தவர்களையெல்லாம் நோயாளிகளாகச் சேர்த்துக்கொண்டார். தேடி வந்த காவல் படையினரிடம் ஒவ்வொருவருக்கும் ஒரு நோயைச் சொல்லி, 64 பேரில் 60 பேரைக் காப்பாற்றினார். 1939இல் மனைவி மக்களுடன் இங்கிலாந்து சென்றார்.

அங்கே ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், 1944இல் முதுகுத்தண்டு காயமுற்ற போர்வீரர்களுக்கான பிரிவு அவர் பொறுப்பில் தொடங்கியது. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் நோயாளிகளைக் கொன்றுவந்த காலம் அது. இரவென்றும் பகலென்றும் பாராமல் இரண்டு மணிக்கு ஒரு முறை அவர்களைப் புரட்டிப் படுக்க வைக்கச் செய்தார். உயிர் பிழைத்தது. ஆனால் உள்ளம்? நாம் பிறருக்குச் சுமை என்ற எண்ணம் அவர்களை வாட்டியது. அதற்கு அவர் கண்ட மருந்துதான் விளையாட்டு.

1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாள். மருத்துவமனைப் புல்வெளியில் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து அம்பெய்தார்கள். அவர்களில் இருவர் பெண்கள்! வில்வித்தைக்குக் கால் வலிமை வேண்டாம்; தோள் வலிமையும் கூர்ந்த பார்வையும் போதும்.

1960இல் இப்போட்டி ரோமாபுரியில் நடந்தது. 23 நாடுகளிலிருந்து சுமார் 400 பேர் வந்தனர். பாப்பரசர் 23ஆம் அருளப்பர் அவர்களை வரவேற்று ஆசி வழங்கினார். எனினும் அவர்கள் தங்கிய கட்டடங்களில் படிக்கட்டுகள் இருந்தன. இத்தாலியப் போர்வீரர்கள் நாற்காலியோடு அவர்களைத் தூக்கிச் செல்ல நேர்ந்தது. உலகப் போட்டிக்கு வந்தவர்களைத் தடுத்தவை அவர்களுடைய கால்கள் அல்ல, படிகளே!

1966இல் சர் பட்டம் பெற்ற குட்மன், 1980 மார்ச் 18ஆம் நாள் மறைந்தார். அவர் ஊன்றிய விதை நம் நாட்டிலும் கனி தந்தது. 1965 போரில் குண்டடிபட்ட இந்திய வீரர் முரளிகாந்த் பேட்கர், 1972இல் நீச்சலில் தங்கம் வென்றார். 2016இல் சேலம் மாவட்டத்து மாரியப்பன் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றார். 2024இல் பாரிஸ் நகரில் நம் தமிழகப் பெண்கள் துளசிமதி வெள்ளியும், மனிஷாவும் நித்யஸ்ரீயும் வெண்கலமும் பூப்பந்தாட்டத்தில் வென்றனர்.

அன்புத் தோழியரே! விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பள்ளிகளில் விளையாட்டு விழா நடக்கும் நாளில், காலில் குறையுள்ள மாணவி எங்கே இருக்கிறாள்? தோழியரின் பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவலாக மரத்தடியில் அமர்ந்திருக்கிறாளா? பாவம் என்று நாம் காட்டும் இரக்கமே அவளுக்குத் தடையாகிவிடலாம். மைதானத்துக்கு இறங்கும் படியருகே ஒரு சரிவுப் பாதை, அமர்ந்தபடி எறியக் குண்டு எறிதல், அவள் பெயரும் இடம்பெறும் ஒரு பட்டியல் – இவை நம்மால் ஆகாதவையா? பெற்றோரே, மகள் விழுந்துவிடுவாளோ என்று அஞ்சி அவளை வீட்டிலேயே நிறுத்திவிடாதீர்கள்.

கப்பர்நாகும் ஊரில் கூட்டம் வாசலை அடைத்தபோது, முடக்குவாதமுற்றவரைச் சுமந்து வந்த நால்வர் திரும்பிப் போகவில்லை. கூரையைப் பிரித்து வழி செய்தார்கள். குட்மன் செய்ததும் அதுவே. நாமும் வழியடைக்கும் கூட்டமாக நில்லாமல், வழி திறக்கும் கைகளாவோமாக!