தலீப் சிங் சௌந்த்: ஊரை நம்பி நின்ற அபேட்சகர்

காங்கிரஸ் என்பது நம் தேசத்தில் ஒரு கட்சியின் பெயர். ஐக்கிய அமெரிக்காவிலோ அது தேசத்தின் சட்டசபைக்கே பெயர். அந்தச் சபையில் வோட்டுரிமையுள்ள அங்கத்தினராக முதன்முதலில் அமர்ந்த ஆசியர் ஒரு பஞ்சாபி விவசாயி என்பதை நம் தேசத் தொண்டர்களில் எத்தனை பேர் அறிவர்? அவர் பெயர் தலீப் சிங் சௌந்த். 1956-ம் ஆண்டுத் தேர்தலில் அவர் வென்ற விதம், வோட்டுக் கேட்கப் புறப்படும் ஒவ்வொருவரும் ஊன்றிக் கற்கவேண்டிய பாடம் என்பது நமது அபிப்பிராயம். ஆதலால் அவர் சரித்திரத்தை இன்று நேயர்கள் முன் வைக்கிறோம்.

சௌந்த் 1899-ம் ஆண்டு செப்டம்பர் 20-ம் தேதி, அமிர்தசரஸ் ஜில்லாவைச் சேர்ந்த சஜ்ஜல்வாடி என்னும் சிற்றூரில் சீக்கியக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பெற்றோர் எழுத்தறியாதவர்கள். ஆயினும், தங்கள் ஊர்ப் பிள்ளைகள் படிப்பதற்கென்று ஒரு பள்ளிக்கூடத்தை அமைத்த குடும்பம் அது. பஞ்சாப் சர்வகலாசாலையில் கணித சாஸ்திரம் பயின்று 1919-ல் பி.ஏ. பட்டம் பெற்றார். ஜாலியன்வாலா பாக்கில் நிரபராதிகளின் இரத்தம் சிந்தப்பட்ட ஆண்டும் அதுவே. மறு ஆண்டு, பழங்களையும் காய்களையும் டப்பாக்களில் அடைத்துக் காக்கும் தொழிலைக் கற்றுவரும் நோக்கத்துடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். ஆசியர்கள் பெரும்பாலோருக்கு 1917-ம் ஆண்டுச் சட்டம் கதவை அடைத்திருந்தது. மாணவர்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது.

பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில், ஸ்டாக்டன் குருத்வாராவினர் மாணவர்களுக்காக ஏற்படுத்தியிருந்த விடுதியில் தங்கிப் படித்தார். விடுமுறை நாட்களில் டப்பாத் தொழிற்சாலைகளில் கூலி வேலை செய்தார். மனம் மீண்டும் கணிதத்தை நாடிற்று. 1922-ல் எம்.ஏ. பட்டமும், 1924-ல் டாக்டர் பட்டமும் பெற்றார். அங்கிருந்த இந்திய மாணவர்களைக் கொண்ட ஹிந்துஸ்தான் சங்கத்தின் அக்கிராசனராகி, அழைத்த இடமெல்லாம் சென்று பாரத சுதந்திரத்தைப் பற்றிப் பேசினார். நம் தேசத்தை இழிவுபடுத்தி மிஸ் மேயோ 1927-ல் வெளியிட்ட நூலுக்குப் பதிலாக 1930-ல் இவரும் ஒரு நூல் எழுதினார். அதை வெளியிட்டவர்கள் ஸ்டாக்டன் சீக்கியர்களே.

ஆனால், டாக்டர் பட்டம் பெற்றவருக்கு அந்த நாட்டில் கிடைத்த உத்தியோகம் யாது? 1923-ம் ஆண்டு பகத் சிங் திண்ட் என்பவரின் வழக்கில், இந்தியர்கள் சட்டத்தில் கூறப்படும் வெள்ளையர் ஆகார், ஆகவே அவர்கள் அமெரிக்கப் பிரஜைகளாக முடியாது என்று அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பிரஜையாகத் தகுதியற்றவன் நிலம் வாங்கலாகாது என்று கலிபோர்னியாவின் நிலச் சட்டம் ஏற்கெனவே கூறிற்று. இவ்விரண்டும் சேர்ந்ததன் விளைவாக, அங்கிருந்த இந்திய விவசாயிகள் தாம் உழும் நிலத்தைப் பிறர் பெயரில் எழுதிவைத்து உழவேண்டியதாயிற்று. சட்டம் பயின்ற நாம் பல தீர்ப்புகளைப் படித்திருக்கிறோம். ஒரு ஜனசமூகத்தின் காலடி மண்ணை ஒரே நாளில் உருவிக்கொண்ட தீர்ப்புகளில் அதுவும் ஒன்று.

1925-ல் சௌந்த் தென் கலிபோர்னியாவிலுள்ள இம்பீரியல் பள்ளத்தாக்கை அடைந்தார். ஏகாதிபத்தியத்தை வெறுத்தவருக்கு அப்பெயருள்ள ஊரே புகலிடமாக வாய்த்தது விதியின் விளையாட்டு. பருத்தி எடுக்கும் கூலிக் கூட்டத்துக்கு மேஸ்திரியாக வேலை தொடங்கினார். பின்னர் சொந்தமாகப் பயிரிட்டார். 1928-ல் மரியன் கோஸா என்னும் மாதை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தனர். 1930-ஐ ஒட்டி வந்த பெரும் வியாபார மந்தத்தில் விளைபொருள் விலை வீழ்ந்து கடனாளியானார். பலர் இன்சால்வென்ஸி மனு கொடுத்துக் கடனிலிருந்து விடுபட்டனர். இவரோ அவ்வழியை நாடாமல், ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கடனைத் தீர்த்தார். சிற்றூரில் இத்தகைய செய்தி மறைந்து கிடப்பதில்லை. பிற்காலத்தில் அவர் வோட்டுக் கேட்டுச் சென்றபோது, எந்தத் துண்டுப் பிரசுரத்தையும்விட இந்த நாணயமே அவருக்கு முன்னே நடந்து சென்றிருக்கும் என்று நாம் நம்புகிறோம்.

1942-ல் அமெரிக்க இந்தியச் சங்கம் என்ற ஸ்தாபனத்தை இந்தியர்கள் நிறுவினர்; சௌந்த் அதன் முதல் அக்கிராசனர். பிரஜா உரிமை பெறுவதே அதன் குறிக்கோள். கிழக்குக் கரையில் ஸ்ரீ ஜே. ஜே. சிங் முதலியோரும் இதே காரியத்தில் முனைந்து நின்றனர். ஒரு கட்சியைச் சேர்ந்த ஸ்ரீமதி லூஸும் மறு கட்சியைச் சேர்ந்த ஸ்ரீ செல்லரும் ஒன்றுகூடிக் கொண்டுவந்த மசோதா, 1946-ம் ஆண்டு ஜூலை 2-ம் தேதி ஜனாதிபதி ட்ரூமனின் கையொப்பத்தால் சட்டமாயிற்று. இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேர்தான் குடியேறலாம் என்பது அதன் குறை. ஏற்கெனவே குடியிருந்தவர்கள் பிரஜைகளாகலாம் என்பது அதன் நிறை. 1949-ம் ஆண்டு டிசம்பரில், கரையிறங்கி 29 ஆண்டுகள் கழித்து, சௌந்த் அமெரிக்கப் பிரஜையானார்.

மறு ஆண்டே வெஸ்ட்மார்லண்ட் என்னும் தம் ஊரின் நீதிபதி பதவிக்கு நின்று வென்றார். தேர்தலின்போது பிரஜையாகி ஓராண்டு நிரம்பவில்லை என்று காரணம் காட்டிப் பதவியை மறுத்துவிட்டனர். அவர் சோர்ந்து விடவில்லை. 1952-ல் மீண்டும் நின்றார், மீண்டும் வென்றார். சூதாட்டத்துக்கும் விபசாரத்துக்கும் பெயர்போன அவ்வூரைச் சீர்படுத்தும் வேலையில் இறங்கினார். அந்த நீதிபதியைத் தெரியாதவர் ஊரில் எவரும் இலர் என்னும் நிலை ஏற்பட்டது.

1955-ல், ரிவர்சைடு, இம்பீரியல் ஆகிய இரு ஜில்லாக்களைக் கொண்ட 29-வது தொகுதியில் ஜனநாயகக் கட்சியின் அபேட்சகராக நிற்கப்போவதாக அறிவித்தார். 11,000 சதுர மைலுக்கு மேற்பட்ட பரப்பு. எதிர்க்கட்சியாகிய குடியரசுக் கட்சி வேரூன்றியிருந்த இடம். இந்திய வம்சத்தவரின் வோட்டோ மிகச் சொற்பம். காங்கிரஸ் அங்கத்தினராவதற்கு 7 ஆண்டுகள் பிரஜையாக இருந்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டு அரசியல் சாசனம். அதைக் காட்டி, சொந்தக் கட்சியிலேயே போட்டியிட்ட ஒரு வக்கீல் இவரைத் தடுக்க வழக்குத் தொடுத்தார். 1957 ஜனவரியில் பதவியேற்கும்போது 7 ஆண்டுகள் நிறைந்துவிடும், வழக்கு தள்ளுபடியாயிற்று. கட்சியின் ஆரம்பத் தேர்தலில் சௌந்த் வென்றார்.

எதிர்த்து நின்ற ஸ்ரீமதி ஜாக்குலின் காக்ரன் உலகப் புகழ் வாய்ந்த விமானி. 1953-ல் ஒலியின் வேகத்தை விஞ்சிப் பறந்த முதல் பெண்மணி. வறுமையில் பிறந்து தம் முயற்சியாலேயே உயர்ந்தவர். அவரைக் குறைத்துக் கூறுவது நியாயமாகாது. அவர் கணவர் பெரிய செல்வந்தர். ஜனாதிபதி ஐஸன்ஹோவர் அவர்களுக்கு நண்பர். அம்மையார் தம் விமானத்தைத் தாமே ஓட்டிக்கொண்டு ஊர் ஊராக இறங்கிப் பிரசாரம் செய்தார். சௌந்தும் அவர் மனைவி மக்களும் வீடு வீடாக நடந்தனர். வோட்டர் ஜாபிதாவில் பெயர் பதியாதவர்களைத் தேடிப் பதிவித்தனர். பணக்காரர், ஏழை என்ற வேறுபாடின்றி எல்லோரையும் அழைத்து விருந்து நடத்தினர்.

அவர் வோட்டர்களுக்கு எடுத்துரைத்த திட்டம் என்ன? அதை விளங்கிக்கொள்ள அந்தப் பூமியை அறியவேண்டும். இம்பீரியல் பள்ளத்தாக்கு கடல் மட்டத்துக்குத் தாழ்ந்த பாலை. ஆண்டுக்குச் சுமார் 3 அங்குலமே மழை. 1901-ல் கொலராடோ நதியின் நீரைத் திருப்பிய பிறகுதான் அது விளைநிலமாயிற்று. 1905-ல் அதே நதி கரையுடைத்துப் புகுந்து, 1907 வரை அடங்காமல் ஓடி, ஒரு பெரிய உப்பேரியையே உண்டாக்கிவிட்டது. 80 மைல் நீளமுள்ள புதிய கால்வாயில் 1940 முதல் நீர் வருகிறது. அந்த நதிநீர் யாருக்கு எவ்வளவு என்று அரிஸோனா ராஜ்யம் 1952-ல் சுப்ரீம் கோர்ட்டில் தொடுத்த வழக்கு அத்தேர்தலின்போதும் நடந்துகொண்டிருந்தது. எனவே அங்கே நீரைப் பற்றிப் பேசாதவன் எதைப் பற்றியும் பேசாதவனே. விளைபொருளுக்குக் கட்டுபடியாகும் விலை இரண்டாவது விஷயம். விலை ஆதரவைத் தளர்த்தவேண்டும் என்றது ஐஸன்ஹோவர் சர்க்கார்; உறுதியாக நிறுத்தவேண்டும் என்றது ஜனநாயகக் கட்சி. சிறு விவசாயியின் பக்கமும் சிறு வியாபாரியின் பக்கமும் சௌந்த் நின்றார். விலை வீழ்ச்சியால் கடனாளியான ஒருவர் விலையைப் பற்றிப் பேசும்போது, கேட்பவர் அதைப் பிரசங்கமாகவா கொள்வர்?

1956 நவம்பரில், அத்தொகுதியின் வோட்டர்கள் ஜனாதிபதி பதவிக்கு ஐஸன்ஹோவரையும், காங்கிரஸுக்கு அவர் கட்சியை எதிர்த்து நின்ற சௌந்தையும் தேர்ந்தெடுத்தனர். வித்தியாசம் சொற்பமே. ஆயினும் அதன் பொருள் பெரிது. கட்சிக் கொடியைப் பார்த்து வோட்டளிக்கும் அதே ஜனங்கள், தம் வாசலுக்கு வந்தவரைப் பார்த்தும் வோட்டளிக்கத் தெரிந்தவர்கள். நிறத்தைப் பற்றிய துவேஷம் அந்நாட்டிலிருந்து மறைந்துவிடவில்லை. எனினும் நீர், விலை, கடன் என்னும் பொதுக் கவலையின் முன் அது அன்று பின்வாங்கிற்று.

பிரதிநிதி சபையில் அவருக்கு முதல் ஆண்டிலேயே வெளிநாட்டு விவகாரக் கமிட்டியில் இடம் கிடைத்தது. 1957-ல் ஆசிய யாத்திரை செய்து, இந்தியாவுக்கு வந்து, பிறந்த ஊரையும் கண்டார். அவ்வாண்டு நீக்ரோ ஜனங்களின் உரிமைகளுக்காக வந்த மசோதாவை ஆதரித்தார். 1958-லும் 1960-லும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1962 மே மாதம் பாரிச வாயு தாக்கிப் பேச்சை இழந்தார். பிரசாரம் செய்ய இயலாத நிலையில் அவ்வாண்டுத் தேர்தலில் தோற்றார். 1973-ம் ஆண்டு ஏப்ரல் 22-ம் தேதி காலமானார். அவருக்குப் பின் இந்திய வம்சத்தவர் ஒருவர் அச்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட 2004-ம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அவரிடம் குறையே இல்லை என்று நாம் கூறமாட்டோம். 1942 முதல் 1964 வரை, மெக்ஸிகோவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரும் திட்டம் ஒன்று அமெரிக்காவில் இருந்தது. குறைந்த கூலிக்கும் மோசமான குடியிருப்புக்கும் அது பேர்பெற்றது. தம் தொகுதி விவசாயிகளின் தேவையை எண்ணி, அக்கூலிகள் வருவது எளிதாகவேண்டும் என்ற பக்கத்தில் சௌந்த் நின்றார். ஒரு காலத்தில் தாமும் உரிமையற்ற அந்நியராக அதே வயல்களில் உழைத்தவர் அவர். ஊரை நம்பி நிற்கும் அரசியலின் அபாயம் இங்கேதான் இருக்கிறது. வோட்டுள்ள ஊரை அது காண்கிறது. வோட்டில்லாமல் அந்த ஊருக்கு உழைப்பவனைக் காணத் தவறுகிறது. சௌந்தைப் பின்பற்ற விரும்புவோர் இக்குறையையும் சேர்த்தே கற்பது நலம்.

நம்மிடையே வோட்டுக் கணக்குப் போடுபவர்கள் முதலில் எடுப்பது ஜாதி ஜாபிதா. இந்தத் தொகுதியில் இன்னார் இத்தனை பேர், ஆகவே இன்னாரை நிறுத்து என்பதே பல கட்சிக் காரியாலயங்களில் அரசியல் ஞானமாக இருக்கிறது. அந்தக் கணக்குப்படி சௌந்த் மனுத் தாக்கலே செய்திருக்கக் கூடாது. அவருக்குச் சமூகம் என்பது பிறப்பால் தம்மவரான சிலர் அல்ல. ஒரே வாய்க்காலின் நீரை நம்பி வாழ்ந்த அனைவருமே. 30 ஆண்டுகள் அவர்களுடன் உழைத்து, அவர்களுடன் நஷ்டப்பட்டு, பட்ட கடனைத் தீர்த்த பிறகே அவர் வோட்டுக் கேட்டார். தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு ஊரைத் தேடிச் செல்லும் நம் தொண்டர்கள், அதற்கு முந்திய ஆண்டுகளில் தாம் எங்கே இருந்தோம் என்று தம்மையே கேட்டுக்கொள்வார்களாக.